பதினான்கு பேர், ஒரே வாக்கியம்

“வாட்ச்மேன்தான் பின்கதவை வெளியே தாழ் போட்டுட்டுப் போயிட்டாரு.”

காஜாக்கா சொல்லி முடித்ததும் பேட்டிக்காரி ரெக்கார்டரை நிறுத்தினாள். நிறுத்திய கை பேனாவை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது.

“பெரியம்மா, உங்களோட சேர்த்துப் பதினாலு பேர் இதைச் சொல்லிட்டீங்க. ஒரு எழுத்துகூட மாறலை.”

“நடந்தது ஒண்ணுதானே கண்ணு. அப்புறம் எப்படி மாறும்?”

சட்டைகளுக்குக் காஜா எடுத்தே விரல் தேய்ந்ததால் தையல் கூடத்தில் அவளுக்கு அந்தப் பெயர். கூடம் போய்விட்டது. எழுபது வயதிலும் பெயர் போகவில்லை.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கூடம் எரிந்தது. முன்வாசலில் தீ. பின்கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருந்தது; அது வெளியே இருந்தவர்களுக்குத் தெரிவதற்குள் அந்தப் பக்கமும் தீ பிடித்துவிட்டது. ஜன்னல் கம்பியை வளைத்துப் பதினைந்து பெண்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஏழு பேர் உள்ளேயே முடிந்துபோனார்கள். இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று ஜன்னல் வழியாக இறங்கிய வாட்ச்மேனும் திரும்பவில்லை.

இப்போது அந்த இடத்தில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அதில் ஏழு பெயர்கள் உண்டு, வாட்ச்மேன் பெயர் இல்லை. “எங்கப்பா அந்தக் கதவைப் பூட்டலைன்னு மட்டும் நிரூபிச்சுக் குடுங்க, போதும்” என்று அவருடைய மகள் பல்கலைக்கழகம் வரை தேடி வந்து கேட்டாள். அன்றிலிருந்து பேட்டிக்காரிக்குத் தூக்கம் சரியில்லை.

பேட்டி எடுப்பதுதான் அவள் வேலையே. நடந்ததை மக்கள் எப்படிக் கதையாகச் சொல்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்க்கிற வரலாற்று ஆராய்ச்சி.

மேசை மேல் போன் அதிர்ந்தது. ‘அம்மா’. காலையிலிருந்து ஐந்தாவது முறை. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

“எடுத்துப் பேசேன்.”

“அப்புறம் பேசிக்கிறேன்.” எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

“மத்த எல்லாத்துலயும் உங்க கதை ஆளுக்கு ஆள் மாறுது பெரியம்மா. ஒருத்தங்க ரெண்டு மணிங்கறாங்க, ஒருத்தங்க நாலுங்கறாங்க. பிள்ளைங்க பின்கதவுப் பக்கம் ஓடிப் பிடிச்சு விளையாடிச்சுங்கன்னு ஒருத்தங்க. கொட்டற மழை, ஈ காக்கா இல்லைன்னு இன்னொருத்தங்க. அது சகஜம். ஞாபகத்துலேர்ந்து சொன்னா அப்படித்தான் கலையும். பேசி வச்சுக்கிட்டுச் சொன்னாத்தான் கலையாது.”

காஜாக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“தீயணைப்பு ரிப்போர்ட்டையும் பார்த்துட்டேன். கதவுல ரெண்டு தாழ்ப்பாள். மேலே இருக்கறது திறந்துதான் கிடந்திருக்கு. கீழே இருக்கறது மட்டும்தான் போட்டிருக்கு. வாட்ச்மேன் ஆறடி ஆளு, முட்டி மடக்க முடியாதவரு. அவரு எதுக்கு அவ்வளவு தூரம் குனியணும்?”

“செத்தவரு எழுந்து வந்து கேட்கவா போறாரு? விட்டுடேன்.”

“அவரு வரமாட்டாரு. அவரு பொண்ணு வர்றாங்களே!”

பயந்து பொய் சொல்கிற கூட்டம் இல்லை இது. முதலாளிக்கு எதிராகவே கோர்ட்டில் ஏறி நின்று சாட்சி சொன்ன பெண்கள். அவர்கள் கூடிப் பேசி ஒரு வாக்கியத்தை முடிவு செய்திருந்தால், யாரையோ காப்பாற்றத்தான் செய்திருக்க வேண்டும்.

அது யார் என்று பேட்டிக்காரிக்கு ஒரு மாதமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை. பிழைத்தவர்கள் பதினைந்து பேர், பேட்டி கொடுத்தவர்கள் பதினான்கு பேர். பதினைந்தாவது ஆள் அவளைப் பெற்றவள். பேட்டி என்றாலே சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறவள். வீட்டில் ஒரு கதவைக்கூடத் தாழ் போட விடாதவள்.

“எங்கம்மாதானே?”

காஜாக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“சொல்லுங்க பெரியம்மா. நான் எழுதறேனா இல்லையாங்கறது அப்புறம். எனக்குத் தெரிஞ்சாகணும். எங்கம்மாதானே தாழ் போட்டாங்க?”

“ஐயையோ, அவளா! அவ என் பக்கத்து மிஷின்ல உட்கார்ந்து தச்சிக்கிட்டிருந்தா. கதவை அடிச்சு அடிச்சு, முதல்ல கிழிஞ்சதே அவ கைதான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

பேட்டிக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். ஒரு மாதத்துப் பாரம். சிரிப்புகூட வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. அம்மாவுக்கு உடனே போன் செய்ய வேண்டும் போலிருந்தது.

செய்யவில்லை. பேனாதான் மறுபடி கைக்கு வந்தது.

“அப்ப யாரு? செத்துப்போன ஒரு மனுஷன் மேல பழியைப் போட்டு, முப்பத்திரண்டு வருஷம் எல்லாருமா சேர்ந்து மறைக்கற அளவுக்கு யாரு? நான் என்ன, அவங்க மேல கேஸா போடப் போறேன்? எதுக்காகத் தாழ் போட்டாங்கன்னு அவங்களே வந்து சொல்லட்டுமே!”

காஜாக்கா எழுந்து வந்தாள். ரெக்கார்டர் நின்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேட்டிக்காரியின் விரல்களைப் பிரித்துப் பேனாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“உனக்கு அப்ப நாலு வயசும்மா.”