அடிக்குறிப்பு எண்பத்தேழு

பேராசிரியர் செம்பூயா வெள்ளைத் தாளையும் பேனாவையும் நப்வீரேயின் பக்கம் நகர்த்தினார். கூடவே, தன் கையாலேயே ஊற்றிய ஒரு கோப்பை இஞ்சித் தேநீரையும்.

“ரெண்டே வரிம்மா. ‘என் கருவியிலதான் கோளாறு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. முக்கீபியோட டாக்டர் பட்டம் பொழைச்சுக்கும். நூலகத்துல உன் வேல போகாம நான் பாத்துக்கறேன்.”

கம்பாலாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை அது; விசாரணைக் குழுவின் தலைவர் அவர்தான். எழுதித் தராவிட்டால் வேலை போவது நிச்சயம் என்று விசாரணைக்கு அழைத்த கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

கருவி என்பது நப்வீரே எழுதிய ஒரு சின்ன மென்பொருள். வேர்டில் சேர்த்துக்கொண்டால், ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளைப் பல்கலைக்கழகம் கேட்கிற முறையில் அதுவே அடுக்கித் தரும். துறை முழுவதும் இலவசமாகக் கொடுத்திருந்தாள். முக்கீபிக்கு மட்டும் அவன் அறைக்கே போய் ஏற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு முட்டை சுற்றிய சப்பாத்தி ஒன்றை இருவரும் பிய்த்துத் தின்றார்கள்.

இன்றைக்கு அவன் எதிரே உட்கார்ந்து, தன் ஷூவைப் பார்த்தபடி, குலு நகரத்திலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் டாக்டர் ஆதிம் அம்மையாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“நம்பித்தான் மேடம் போட்டேன். அதுவா நடுவுல ஒரு பொய் வழக்கச் சொருகும்னு நான் கனவா கண்டேன்?”

“என்னப் பாத்துச் சொல்லு முக்கீபி. அதுவா சொருகுச்சா?” என்றாள் நப்வீரே.

அவன் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினான்.

ஆதிம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த வழக்கத் தேடி ஹைகோர்ட்டு பதிவறையில ரெண்டு நாள் தூசி தின்னேன். ‘இன்னும் பொறக்காத கேஸத் தேடறீங்களா மேடம்’னு குமாஸ்தா நக்கல் பண்றான். நீயே சொல்லும்மா. உன் கருவி தானா வழக்கச் சேக்குமா?”

“சேக்காது மேடம். நாம குடுக்கற பேரு, வருஷம், கோர்ட்டு எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கும். கமா வைக்கும். அவ்ளோதான்.”

“கம்ப்யூட்டர் சமாச்சாரம், யாரு கண்டா?” என்றார் செம்பூயா மெதுவாக. “இவளும் படிப்பப் பாதியில விட்டவதானே. ஆர்வத்துல ஏதோ பண்ணிட்டா. விடுங்க.”

பாதியில் விட்டவள். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தன் ஆய்வேட்டின் வரைவை ஒரு பென்டிரைவில் போட்டு, வழிகாட்டியான அவரிடம் கொடுத்தாள். வேறு யாரிடமும் காட்ட வெட்கம். நான்கு மாதம் கழித்து அது அதே உறையில் திரும்பி வந்தது. “திறந்துகூடப் பாக்கலம்மா. செத்துப்போன தலைப்பு. இதுல பட்டம் வாங்க முடியாது,” என்றார். படிப்பை விட்டாள். நூலக வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த நன்றி இன்னும் இருந்தது.

முக்கீபி இப்போது அவருடைய மாணவன். பட்டம் கிடைத்தால் ஜனவரியில் விரிவுரையாளர்.

நப்வீரே பேனாவை எடுத்தாள். முதல் வரியையும் எழுதிவிட்டாள்.

“கடிதத்துல வழக்கோட பேரு இல்ல மேடம். எந்த வழக்குன்னு எழுதறது?”

ஆதிம் ஆய்வேட்டைப் புரட்டினார். “அடிக்குறிப்பு எண்பத்தேழு. நலோங்கோ நமுக்காசா எதிர் வண்டேரா மற்றும் பதினோரு பேர். ரெண்டாயிரத்து ஒம்பது.”

பேனா நின்றது.

“இன்னொரு தடவ படிங்க மேடம்.”

ஆதிம் மறுபடி படித்தார். “ஒரு புள்ளி தப்பில்ல. இவ்ளோ லட்சணமா இருக்கறதாலதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.”

நப்வீரேவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“அந்த வழக்கக் கட்டிவிட்டது நான்தான் மேடம்.”

“பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா!” என்றார் செம்பூயா. முக்கீபி பெருமூச்சு விட்டான்.

“நலோங்கோ எங்க வீட்டுக்குக் கீழ மீன் வறுத்து விக்கறா. வண்டேரா எங்க வீட்டு ஓனர். நீளமான பேரக் கருவி சரியா சுருக்குதான்னு பாக்கறதுக்காக அவங்க ரெண்டு பேரையும் கோர்ட்டுக்கு இழுத்தேன். நெஜ வழக்கு கெடைக்கறவரைக்கும் எடம் புடிச்சு வெக்கட்டும்னு அப்படியே விட்டேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்.”

“அப்ப கருவியோடயே எல்லாருக்கும் போயிருக்கு,” என்றார் ஆதிம்.

“கருவிக்குள்ள ஒரு வழக்குகூட கெடையாது மேடம். யாரு கம்ப்யூட்டர்ல வேணா திறந்து பாருங்க. இது ரெண்டு வருஷம் முன்ன நான் பென்டிரைவுல போட்டுக் குடுத்த ஆய்வேட்டுல மட்டும்தான் இருந்துச்சு.”

ஆதிம் முக்கீபியைப் பார்த்தார். முக்கீபி செம்பூயாவைப் பார்த்தான்.

நப்வீரே தாளை இரண்டாகக் கிழித்து, தொடாத தேநீரோடு செம்பூயாவின் பக்கமே தள்ளினாள்.

“திறந்துகூடப் பாக்கலன்னு சொன்னீங்களே, புரொபசர்?”