டியூட்டியில் ஒரு நாற்காலி

"உட்கார ஒரு சேர் இல்லையா? எங்க ஓசூர்ல ரோட்டுக் கடையிலகூட பெஞ்சு போட்டிருப்பான்."

குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைத் தார்ப்பாய்க்குள் ஒதுங்கியதும் பக்தவத்சலம் பேசிய முதல் பேச்சு இது. வெளியே புயல் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கீது சார். அது டியூட்டில கீது" என்றாள் கடைக்காரி சரசா.

நாற்காலிக்கு டியூட்டியாம்! வெளியூர்க்காரன் என்றாலே இந்தச் சென்னையில் எல்லாருக்கும் இளக்காரம்தான்.

அவர் என்ன சாதாரண ஆளா? கம்பெனியின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி. நூம்பல் கிளையில் தொழிலாளர்களுக்கு 'பாதுகாப்பே முதல்' என்று பாடம் எடுக்கத் தன்னந்தனியாக வந்திருக்கிறார். மழைக்கு ஊரே லீவு விட்டிருந்தது. "புயலாவது ஒண்ணாவது, எல்லாரும் வந்தே ஆகணும்" என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். பாதுகாப்பு அவ்வளவு முக்கியம்!

போன் அடித்தது. அழைத்துப் போக வரும் கம்பெனி டிரைவர் டில்லிபாபு.

"வந்துகினே கீறேன் சார். ரோடெல்லாம் தண்ணி. கடையாண்டயே இருங்க."

"சீக்கிரம் வாப்பா! கால் கடுக்குது."

"கோச்சிக்காதீங்க சார். வேலைக்குச் சேந்து ஒரு வாரந்தான் ஆவுது. வண்டில ஒரு கீறல் உழுந்தாக்கூட அனுப்பிச்சிடுவேன்னு மேனேஜர் மதிவதனி மேடம் சொல்லிகீறாங்க. அதான் பாத்து ஓட்டினு வர்றேன்."

சாக்கு சொல்ல மட்டும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

சரசா பின்பக்கம் போய்ப் பறக்கிற தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் பக்தவத்சலம் அதைப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில், நட்டநடு ரோட்டில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு ஆட்டோ அதைச் சுற்றி வளைந்து போனது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. நாற்காலியைக் கொண்டுபோய் நடுரோட்டில் போடுகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். 'பாதையில் கிடக்கும் இடைஞ்சலை உடனே அகற்று.' அவர் பாடத்தின் முதல் வரியே அதுதான். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நாற்காலியை எடுக்கும்போது காலடியில் ஏதோ சறுக்கியது. நல்லவேளை, சமாளித்துக்கொண்டார்.

செய்த சேவையை நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா? குடையைக் கழுத்தில் இடுக்கி, ஒரு கையில் நாற்காலி, மறு கையில் போன் என்று ஒரு செல்ஃபி எடுத்தார். கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டார்: 'வந்து இறங்கியதும் முதல் ஆபத்தை அகற்றினேன். பாதுகாப்பே முதல்!'

பிறகு நாற்காலியைக் கடைக்குள் கொண்டுவந்து போட்டு, ஜம்மென்று உட்கார்ந்தார். சேவைக்கு சேவை, சீட்டுக்கு சீட்டு.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெல்ல வந்தது. நடுரோட்டில் 'தடால்' என்று ஒரு சத்தம். முன்சக்கரம் இரண்டும் பள்ளத்துக்குள். டிரைவர் இறங்கி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். நெற்றி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"சரசாக்கா! பள்ளத்தாண்ட நாம வெச்ச சேரு எங்க? அது கண்ணுல படல, பள்ளம் இன்னும் அந்தாண்ட கீதுன்னு நெனச்சு வந்தேன். எவன்க்கா எடுத்தான்? என் வேலையே பூடும்க்கா!"

சரசா ஓடிவந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவரின் நனைந்த பேண்ட்டைப் பார்த்தாள்.

"காத்துல அட்ச்சிகினு வந்திருக்கும் நைனா. உடு" என்றாள்.

பக்தவத்சலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மேனேஜர் மதிவதனிக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே போட்டார்.

"என்ன மேடம் டிரைவர் வச்சிருக்கீங்க? வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல விட்டுட்டான்! இவனை வச்சுக்கிட்டு என்ன பாதுகாப்பு? இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்புங்க."

டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தப் பள்ளம் அவனுக்குத் தெரியுமே சார்" என்றாள் மதிவதனி. "நேத்து அதுல யாரும் விழுந்துடக் கூடாதுன்னு கடைக்கார அம்மாகிட்ட சேர் கேட்டு வச்சதே அவன்தானே?"

"சேரா? அதெல்லாம் காத்துல போயிடுச்சாம். இதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன், எச்சரிக்கைன்னா கனமான பொருளா வைக்கணும்னு. பொறுப்பில்லாத ஜனங்க!"

மதிவதனி நிதானமாகக் கேட்டாள்.

"சிவப்பு சேர்தானே சார்? இப்பத்தான் குரூப்ல பார்த்தேன். காத்து கழுத்துல குடையை இடுக்கிக்கிட்டு சிரிச்ச மாதிரி நிக்குது. டில்லிபாபுவை ஆஸ்பத்திரிக்குப் போய் நெத்தியைக் காட்டச் சொல்லுங்க. வண்டியை நான் பாத்துக்கறேன். நீங்க அடுத்த பஸ்லயே ஊருக்குக் கிளம்பிடுங்க. இங்க எங்களுக்குப் பாதுகாப்பு முக்கியம்."

பக்தவத்சலம் எழுந்தார். வேறு வழியில்லை. சரசா அவருக்கு அடியிலிருந்து நாற்காலியை உருவி எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா நைனா?" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "காத்துதான். ஓசூர்லேந்து அடிக்குது."