சொல்லக் கூடாத பாடம்

"உண்மையைச் சொல்லு. பெரிய டீச்சர் கதவைச் சாத்திக்கிட்டு, என்னைப் பத்தி உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

மூன்றாம் வகுப்பு டீச்சர் இப்படிக் கேட்டதும் முதல் பெஞ்சு வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சு விட மறந்தாலும் பேச மறக்காத பெண் அது. டீச்சர் முறைத்த முறைப்பில் கையை எடுத்தாள்.

"ஒண்ணும் கேக்கல டீச்சர். பாடம்தான் எடுத்தாங்க."

"என்ன பாடம்?"

"சொல்லக் கூடாதாம்." பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

டீச்சர் வாசல்வரை துரத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கொஞ்ச நாளாகவே விளையாட்டு பீரியட் வந்தால், "அந்த மேப்பையெல்லாம் கொஞ்சம் அடுக்கி வைங்க" என்று பெரிய டீச்சர் அவளை ஆபீஸ் ரூமுக்கு அனுப்பிவிடுகிறார். அனுப்பிய கையோடு மூன்றாம் வகுப்புக் கதவு சாத்தப்படுகிறது. பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிற தலைமையாசிரியைக்கு, மூடிய அறையில் வாண்டுகளோடு என்ன வேலை?

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? டீச்சரிடம் கனம் இருந்தது. அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வலது காது அடியோடு ஓய்ந்துவிட்டது, இடது காதும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பள்ளியில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். பதில் சொல்கிற பிள்ளையை முன்னால் வரவழைத்து, உதட்டைப் பார்த்தே சமாளித்தாள். எதிர் வகுப்பு எழுந்தால் மணி அடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். காது கேட்காத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? சாக்பீஸைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை அது. இந்தப் பிள்ளைகளை விட்டுப் போவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

இப்போது தொட்டதற்கெல்லாம் சந்தேகம். முன்பு வராந்தாவில் போகிறபோக்கில் பேசிவிட்டுப் போகும் பெரிய டீச்சர், இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் நேரெதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து வார்த்தை வார்த்தையாகப் பேசுகிறார். திருடனை விசாரிக்கிற போலீஸ்காரர்கூட அப்படிப் பார்க்க மாட்டார்.

நேற்றும் அப்படித்தான். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றார்.

"என்ன விஷயம்?"

"அவசரமில்ல. இன்னும் ரெண்டு மூணு பிள்ளைங்க பாக்கி. அதுவும் முடியட்டும்."

ஆக, சாட்சி சேர்க்கிறார். கூப்பிட்டால் டீச்சர் திரும்புகிறாளா, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறாளா என்று பிள்ளைகளின் வாயைக் கிளறுகிறார். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் நைசாகத் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"என் கிளாஸ்ல என்னதான் நடக்குது? உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"ஒரு சத்தமும் வர்றதில்ல. உங்க வாண்டுங்களா இவ்வளவு அமைதின்னு எனக்கே ஆச்சரியம்."

அப்படியென்றால் குசுகுசுவென்று நடக்கிறது. சுவருக்குக்கூடக் காது இருக்கிறதாம், எனக்குத்தான் இல்லை என்று கசப்பாக நினைத்துக்கொண்டாள்.

இன்றும் விளையாட்டு பீரியட் வந்தது. இன்றும் மேப். டீச்சர் அவற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வகுப்பறைக்கு நடந்தாள். வருவது வரட்டும் என்று கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

உள்ளே அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கியிருந்தார்கள். எதிரே பெரிய டீச்சர்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. டீச்சருக்குக் காது கேட்காது என்று யாருக்கெல்லாம் தெரியும், கை தூக்குங்கள் என்று கேட்டிருப்பார். வேறென்ன? வகுப்பு மொத்தமும் தூக்கிவிட்டது. வாயாடி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"இதுக்குப் பச்சப் பிள்ளைங்களையா இழுக்கணும்?" டீச்சர் வாசலிலேயே நின்று கேட்டாள். "ஆமா, எனக்குக் காது கேக்கல. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. நான் போயிடறேன், விடுங்க."

வாயாடி ஓடிவந்து எதிரே நின்றாள். உதட்டை அசைக்காமல், விரலால் டீச்சரைக் காட்டினாள். பிறகு கைகளை என்னவோ போல் வளைத்து, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பெஞ்சுகளில் இருந்த கைகளெல்லாம் அதையே செய்தன.

"எங்களை விட்டுப் போகாதீங்கன்னு சொல்றாங்க." பெரிய டீச்சர் முகத்துக்கு நேரே வந்து நிதானமாகப் பேசினார். "என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காது. எங்க வீட்டுல பேச்செல்லாம் கையாலதான். உங்க விஷயம் எனக்கு எப்பவோ தெரியும். வாயைத் திறந்து கேட்டிருந்தா, ரோஷப்பட்டு வேலையை விட்டுட்டுப் போயிருப்பீங்க. அதான் முதல்ல இவங்களுக்குக் கத்துக்குடுத்தேன்."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். பெரிய டீச்சர் முதல் பெஞ்சில் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லி இடம் பண்ணினார்.

"கிளாஸ்ல இன்னும் கத்துக்காதது நீங்க ஒருத்தர்தான், வந்து உட்காருங்க."