சந்துக் கேமரா

"எங்க சந்துல இருக்கற கேமரா வேலை செய்யுதா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு எத்தனை தடவைதான் நடக்கறது?"

கட்டில் கடைக்காரர் போட்ட சத்தம் அறைக் கதவைத் தாண்டி போக்குவரத்து சிக்னல் அலுவலகம் முழுக்கக் கேட்டது. பழைய கட்டில், பீரோ வாங்கி விற்றே ஆளானவர். படிப்பு குறைவு. தொண்டை தாராளம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா நிமிரவில்லை.

"உட்காருங்க சார்."

"உட்கார வரல. எந்தக் கேமரா ஓடுது, எந்த சிக்னல் எரியுதுன்னு யார் கேட்டாலும் நீங்க சொல்லியாகணும். சட்டம் இருக்கு. எழுதிக் குடுங்க, போறேன்."

"முக்குச் சிக்னல் எவ்வளவு நேரம் பச்சை எரியுதுன்னு வேணா இப்பவே தரேன். நாலு ரோட்டுக் கேமரா பத்திக் கேளுங்க, அதையும் தரேன். இந்த ஒரு மனுவை மட்டும் திரும்ப வாங்கிக்கங்களேன்."

கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கட்டிலைப் பற்றிக் கேட்டால் மெத்தையைக் காட்டுகிறவன், கட்டிலில் மூட்டைப்பூச்சியை மறைக்கிறான். அவர் தொழிலில் இது பாலபாடம்.

"எவ்வளவு தின்னீங்க?"

வெளியே யாரோ தட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சத்தம் நின்றது. கடைக்காரர் மேஜையில் கையூன்றிக் குனிந்தார்.

"என் பொண்ணு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குது. இருட்டினப்புறம் அந்தச் சந்து வழியாத்தான் வீட்டுக்கு வரணும், வேற வழி கிடையாது. கேமரா இருக்கு, சிவப்பா ஒரு புள்ளி மினுக்குதுன்னு நம்பித்தான் வேலைக்கே விட்டேன். இப்ப முடி வெட்டுறவர் சொல்றாரு, அது வெத்து டப்பாவாம். அப்படின்னா இன்னியோட அவ வேலைக்கு முழுக்கு. எனக்குத் தெரியணுமா, வேணாமா?"

அதிகாரியம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தரேன் சார். ஆனா இங்க ஒரு வழக்கம். நான் எழுதிக் குடுக்கற பதிலை அன்னிக்கே ஆபீஸ் வெப்சைட்லயும் போட்டாகணும். யார் வேணா படிக்கலாம்."

"போடுங்க! ஊரே படிக்கட்டும்!"

"ஊர் படிச்சாப் பரவாயில்ல. சந்து முனையில உட்கார்ற பசங்களும் படிப்பாங்களே."

கடைக்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"வெத்து டப்பாதான்" என்றார் அதிகாரியம்மா. "டப்பா வந்துச்சு, உள்ள வைக்க வேண்டியது வரல. நான் மேல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். அதுக்குள்ள அங்க ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டானுங்க. அப்புறம்தான் சிக்னல் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். கழிச்சுப் போட்ட சிக்னல்லேர்ந்து ஒரு குட்டி பல்பைக் கழட்டி, பேட்டரியோட அந்த டப்பாவுக்குள்ள வைக்கச் சொன்னேன். முக்குச் சிக்னலுக்கு ஏணி வண்டி வர்றப்பல்லாம் அவர் ஒரு எட்டு சந்துக்குள்ள வந்து பேட்டரி மாத்திட்டுப் போவாரு. அன்னிலேர்ந்து அங்க ஒரு புகார் கிடையாது. ஊரை ஏமாத்தறது தப்புதான். வெளிய தெரிஞ்சா அவருக்கும் வேலை போகும், எனக்கும் போகும். இப்பச் சொல்லுங்க, எழுதட்டுமா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைக்காரர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"மனுவைத் திரும்ப வாங்கினா எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது சார்."

"சும்மா ஒரு ஸ்டூலைக்கூட நான் திருப்பி எடுத்ததில்லம்மா. நிஜக் கேமரா எப்ப வரும்?"

"அடுத்த வருஷம்னு சொல்றாங்க."

"அடுத்த மாசம்."

"ஐயோ சார், மேலிடத்துல..."

"நாலு ரோட்டுல கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசையா கேமரா நிக்குது. ஒண்ணைக் கழட்டி இங்க மாட்டினா ரோடு கோவிச்சுக்குமா?"

அதிகாரியம்மா யோசித்தார். "ஒண்ணு இடம் மாத்தணும்னு நானே எழுதலாம். ரெண்டு மாசம் குடுங்க."

"சரி, ரெண்டு. கூட, சந்து நடுவுல ஒரு தெருவிளக்கு."

"விளக்கு வேற பிரிவு சார்."

"அவங்க ரூம் எதுன்னு சொல்லுங்க. கத்திட்டு வரேன்."

அதிகாரியம்மா இடது பக்கம் கை காட்டினார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"பொண்ணு வேலைக்கு?"

"போகும். நிஜக் கேமரா வர்ற வரைக்கும் தினம் இருட்டினதும் நான் சந்து முனையில நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறேன். என் கடையில நாற்காலிக்கா பஞ்சம்?"

மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விளக்குப் பிரிவிலும் ஒரு பாட்டம் கத்தி முடித்துவிட்டு தன் தெருவுக்குத் திரும்பினார்.

சந்து முனையில் பைக் மேல் வழக்கமான பையன்கள். காலையில், 'இன்னிக்கு அந்த டப்பா வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏத்தறேன்' என்று அவர் சபதம் போட்டதைத் தெருவே கேட்டிருந்தது.

"என்னண்ணே, போன காரியம் என்னாச்சு? வெத்து டப்பாதானாமே?" ஒருவன் இளித்தான்.

கடைக்காரர் நின்று அவனைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பூச்சி அரித்த பலகையைத் தேக்கு என்று சொல்லி ஒருநாளும் விற்றதில்லை, செத்தாலும் பொய் சொல்லமாட்டேன் என்பது சந்தை முழுக்க அவர் அடித்துக்கொள்ளும் தம்பட்டம்.

"எவன்டா சொன்னது? உள்ள கூட்டிட்டுப் போய், பெரிய டிவியில போட்டே காட்டினாங்க. உன் இடது செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கே, அதுகூட அதுல பளிச்சுன்னு தெரியுது."

பையன் டப்பாவை அண்ணாந்து பார்த்தான். இடது காலை மெல்ல பைக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.