கூடுதலாக ஓர் எழுத்து

புதுக்கடையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் பெபிஷா, தடித்த கோடும் கோட்டின் நுனியில் பட்டைப் பாதமுமாகத் தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் கம்ப்யூட்டரில் தானே வரைந்திருந்தாள். கல்யாணம், சபை ஆண்டுவிழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஊரார் அந்த எழுத்தில்தான் வேண்டுமென்றார்கள்.

ரசலையன் மகளுக்கு மறுநாள் கல்யாணம். பேனரில் ‘ராகேல்’ என்ற பெண்ணின் பெயருக்கு முன்னால், பெபிஷா வரையாத ஓர் எழுத்து வந்து நின்றது. கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு மறுபடி அச்சடித்தாள். மறுபடியும் வந்தது. மூன்றாவது பேனரும் வீணானபோது மவுஸைத் தூக்கி மேசையில் எறிந்தாள். “சனியன், எங்கேந்துதான் வருதோ!”

பேனரை வாங்க ரசலையன் வந்தார்.

“மன்னிச்சிருங்க மாமா, ஒரு எழுத்து கூடுதலா விழுந்துபோச்சு.”

அவர் விரித்துப் பார்த்தார். “எங்க மக்கா கூடுதல்? சரியாத்தானே இருக்கு.”

“அப்பம் வாசியுங்க, கேப்போம்,” என்றாள் எரிச்சலோடு.

அவர் தடுமாறாமல் வாசித்தார். ராகேலுக்கு முன்னால் ஓர் ஒலி வந்தது. அவள் அதுவரை கேட்டிராத ஒலி. சொல்லிப் பார்த்தாள், நாக்கு வளையவில்லை. அவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பைத் திறந்து எண்ணினாள். இருநூற்று நாற்பத்தெட்டு இருந்தது. இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தபோது, மதியச் சாப்பாட்டோடு வந்த கணவன் எட்சன் வாசலிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பெயருக்கு முன்னால் அதே ஒலி இருந்தது.

“இன்னா வாறேன்” என்று அவள் எழுந்துவிட்டாள்.