பாதியில் நின்ற பாட்டு

ஓசூரில் எட்சனும் டெல்வினும் நடத்தும் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் வெளியாகி இரண்டு நாளாகிறது. எட்சன் கமென்ட்டுகளை டெல்வினுக்குப் படித்துக் காட்டினான்.

"'டெல்வினோட டிரம்ஸுக்குப் பதிலா தகடு வெட்டற பிரஸ் மிஷின் சத்தத்தப் போட்டு ஏமாத்திட்டானுங்க'ன்னு ஒருத்தன் திட்டறான்டா."

"திட்டட்டும்."

"ஒரு பொண்ணு, 'கடைசிப் பாட்டுல மிஷின் சட்டுனு நின்னு வர்ற அமைதியில அழுதுட்டேன்'ங்குது. அதுக்குக் கீழயே ஒருத்தன், 'முடிக்கத் தெரியாம பாதியில விட்டுட்டாங்க'ங்கறான். அந்தப் பாட்டே வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

"அந்த மிஷின ஓட்டி நான் கடைசியா வாசிச்சது அதுதான்டா."

எட்சன் அடுத்ததற்குப் போனான்.

"யாரோ பிரஸ் ஆபரேட்டராம். 'மிஷின் கிட்ட கை போறப்பல்லாம் சென்சார் பீப் அடிக்குமே, அது எப்படிப் பதிவுல விழல?'ன்னு கேக்கறாரு."

"பாட்டு கெட்டுப்போகுதுன்னு நான்தான் சென்சார ஆஃப் பண்ணேன்னு எழுது."

எட்சன் எழுதவில்லை. டெல்வினின் வலதுகைச் சட்டை முழங்கைக்குக் கீழே வெறுமையாகத் தொங்கியது.

"சரி, அந்தப் பொண்ணுக்காவது ஒரு நன்றி போடுடா."

எட்சனின் விரல் நகரவில்லை. அவள் கேட்டு அழுத அமைதி, டெல்வினின் அலறலை எட்சன் பதிவிலிருந்து வெட்டி எடுத்த இடம்.