தலைக்கு இருபது நெல்மணி

சித்திரை மாதத்து உச்சிவேளை. புளியமரத்து அணில்கள் ஒன்பதிடமும் ஆளுக்கு இரண்டு நெல்மணிகளே எஞ்சியிருந்தன. தலைக்கு ஐந்துக்குக் குறைந்தால் காட்டுக் களஞ்சியம் நெல் கொடுத்து உதவுவது வழக்கம். கணக்கெடுக்கக் கொக்கு வந்தது. முந்தின நாள்தான் நூற்றெண்பத்திரண்டு மணிகளோடு ஒரு பெருச்சாளி அம்மரத்தடி வளையில் குடியேறியிருந்தது.

“மொத்தம் இருநூறு மணி, பத்துப் பேர். தலைக்கு இருபது! உங்களுக்கு எதற்கு உதவி?” என்றது கொக்கு.

“ஐயா, இருபதை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. என் குட்டிகளின் இராச்சாப்பாடே இந்த இரண்டு மணிதான். பொந்தை ஒருமுறை எட்டிப் பாருங்களேன்,” என்றது தாய் அணில்.

“பொந்து பொந்தாக எட்டிப் பார்த்தால் கணக்கு எப்போது முடியும்?”

“அப்படியானால் என் பங்குக்கு எழுதிய மற்றப் பதினெட்டை எந்தப் பொந்தில் தேடுவேன்? அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்!”

பெருச்சாளி வளையிலிருந்து தலைநீட்டியது. “என்னம்மா சத்தம்? நம் மரம் நன்றாகத்தானே இருக்கிறது!”

கொக்கு தலையசைத்தது. வளமான மரம் என்பதால், தலைக்கு இருபதில் பத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்கு வரியாகச் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது.

ஒன்பது அணில்களும் அன்று மாலையே ஆளுக்கு இரண்டு மணி செலுத்தின. பெருச்சாளியும் இரண்டு மணி செலுத்தியது. தை மாதத்தில், புதுநெல் வளைக்கு வந்து சேர்ந்த பிறகு.